தாத்தா வெள்ளைக்காரர், சரி, பாட்டி யார்?

“எங்க கொள்ளுத்தாத்தா இங்கிலீஷ்காரர் சார்.” பழைய காகிதங்களோடு புழங்குகிறவன் என்று மதுரை சிம்மக்கல் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்ட பிறகு, இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மாவட்ட மைய நூலக வாசலில்தான் பிடிப்பார்கள். கையில் ஒரு கல்யாணப் போட்டோ இருக்கும், அல்லது குடும்ப பைபிளின் முதல் பக்கம், அல்லது தாத்தாவின் ரயில்வே பாஸ். “இதை நிரூபிக்க முடியுமா?” என்று கேட்பார்கள்.

பல நேரம் முடியும். நம்ப முடியாத அளவுக்குக் காகிதம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தக் காகிதங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்ல மறுக்கின்றன என்பதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயரைப் பற்றி. வருகிறவர்கள் ஆதாரமாக முன்வைப்பது குடும்பப் பெயரைத்தான். “பேரே இங்கிலீஷ் பேர்தானே சார், இதுக்கு மேல என்ன வேணும்?” பெயர் ஒரு துப்பு. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. தூத்துக்குடிப் பக்கம் போனால் பெர்னாண்டோவும் பெரேராவும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். 1530களில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த போர்ச்சுகீசியப் பெயர்கள் அவை. ரத்தம் முத்துக்குளித்துறை ரத்தம்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளிகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. மாணவரின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை அந்த மாணவருக்கே வைத்துவிடுவார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய ஆர்னால்டு சதாசிவம் பிள்ளை எல்லாம் அந்த வழியில் பெயர் பெற்றவர்கள். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மதுரா மிஷனும் அதே யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்ததுதான். எனவே பெயரை மட்டும் வைத்து லண்டன் வரை போய்விட முடியாது.

சரி, இந்தப் பூர்வீகத்தை நிரூபிக்க வேண்டிய தேவை எப்போது வந்தது? தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியே வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் நடந்த கல்யாணங்களை ஊக்குவித்தது. சென்னைக் கோட்டையில் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. ஏழு ஆண்டு கழித்து, 1687 ஏப்ரலில், லண்டன் இயக்குநர்கள் கோட்டைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கம்பெனிச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்வது நல்லது, அப்படிப் பிறக்கும் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு நூற்றாண்டு கழிந்ததும் மனசு மாறிவிட்டது. 1786இல் கல்கத்தா ராணுவ அனாதை இல்லத்தின் கலப்பினப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து போகத் தடை வந்தது. 1791இல், தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பல் வேலைகள் கிடையாது என்றார்கள். 1795இல் பட்டாளத்திலும் பேண்டு வாத்தியத்துக்கும் குதிரை லாடம் அடிக்கும் வேலைக்கும் மட்டும் வரலாம் என்று சுருக்கினார்கள்.

ஆக, ஒரு காலத்தில் வராகன் வாங்கித் தந்த தாய், மறுகாலத்தில் பிள்ளையின் வேலைக்குத் தடையானாள். குடும்பங்கள் அவளைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேறு திசையில் போனது. நம் அரசியலமைப்பின் 366ஆவது பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்று வரையறுக்கிறது: தந்தையோ, தந்தை வழி ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும், அந்த நபர் இந்தியாவில் நிரந்தரமாக வாழும் பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். 336ஆவது பிரிவு ரயில்வே, சுங்கம், தபால்-தந்தி வேலைகளில் அவர்களுக்கு இருந்த ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து முடித்தது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியில் நின்றுபோயின. சுதந்திரம் வந்த காலத்தில் வெளியே போக நினைத்தவர்களுக்கு இன்னொரு வாசல் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தில், பிரிட்டனில் பிறந்த ஒருவருடைய ஆண்வழி வாரிசு என்று காட்டினால் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்கள். ரயில்வே காலனிகளில் டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்த்துக் காகிதம் தேட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

இங்கேயும் சரி, அங்கேயும் சரி, கேட்டது ஆண்வழியை மட்டும்தான். நம்மூரில் குலதெய்வக் கோயிலில் பங்காளிகளைக் கணக்கெடுப்பது போலத்தான் டெல்லியும் லண்டனும் எடுத்திருக்கின்றன. தாத்தாவின் தாத்தா பெயர் தெரியும். அவருக்குச் சமைத்துப் போட்டு, பிள்ளை பெற்று, அவர் செத்த பிறகு அந்தப் பிள்ளைகளைக் கரையேற்றிய பெண்ணின் பெயரை யாரும் கேட்கவில்லை. நான் இந்தப் பதிவை எழுதுவதே அவளுக்காகத்தான்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் ஆன்ட்டி குடியிருந்தார். பழைய சொக்கநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் வீடு. அப்பா மதுரை லோகோ ஷெட்டில் டிரைவர். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்து, அப்பா ரிட்டயர் ஆனதும் ஊருக்குள் வந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் குடும்ப மரம் ஒன்று தயாரிக்கிறான், “நாம இங்கிலாந்துல எந்த ஊர்?” என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான். “நீதான் தம்பி இதெல்லாம் பார்ப்பியாமே” என்று பெட்டியைத் திறந்து காட்டினார்.

எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: வெள்ளைக்காரரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உங்களிலிருந்து ஆரம்பியுங்கள். இணையத்தில் அதே பெயருள்ள ஒரு கர்னலைக் கண்டுபிடித்து, அவரிலிருந்து கீழே இறங்கி நம் வீட்டு வாசலுக்கு வர முயல்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தப்பான வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு காகிதம் வேண்டும். அதில் மகன் பெயரோடு அப்பா பெயரும் இருக்க வேண்டும். தேதியும் ஊரும் தொழிலும் முன்பின் இருக்கும் காகிதங்களோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆன்ட்டியின் ஞானஸ்நானச் சான்றிதழ் பெட்டியிலேயே இருந்தது. அப்பாவின் ரயில்வே சர்வீஸ் ஷீட் நகல் ஓய்வூதியக் காகிதங்களோடு கிடைத்தது. அதில் தாத்தா பெயர். தாத்தாவின் கல்யாணம் திருச்சியில், 1911இல். என்னைக் கேட்டால், கையில் கிடைக்கும் பதிவுகளிலேயே ஒசத்தி கல்யாணப் பதிவுதான். மாப்பிள்ளையின் வயது, தொழில், ஊர், இரு வீட்டு அப்பாக்களின் பெயர், சாட்சிகள் என்று ஒரே வரியில் ஒரு குடும்பமே நிற்கும். அதில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் இருந்தது. அவருடைய தொழில் வேறொரு காகிதத்தில் கிடைத்தது: ஃபிட்டர், தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம்.

நாகப்பட்டினம் என்றதும் ஆன்ட்டிக்கு ஆச்சரியம். “நாங்க மதுரை, திருச்சி தவிர வேற ஊரே கேள்விப்பட்டதில்லையே!” ஆனால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. இந்த ரயில் கம்பெனி வேலையைத் தொடங்கியது நாகப்பட்டினத்திலிருந்துதான்; 1860களின் தொடக்கத்தில் தண்டவாளம் திருச்சிக்கு வந்தது, 1875இல் மதுரைக்கு, அடுத்த ஆண்டு தூத்துக்குடிக்கு. பட்டறை நாகப்பட்டினத்திலேயே இருந்தது. 1928 வாக்கில் அதைப் பொன்மலைக்கு மாற்றியபோது குடும்பம் குடும்பமாக ஃபிட்டர்களும் பாய்லர்மேக்கர்களும் திருச்சிக்குப் பெயர்ந்தார்கள். தெற்கத்திய ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும் அதன் ஊர் வரிசை ரயில் பாதையை ஒட்டியே இருக்கும் என்பது என் அனுபவம்.

ஃபிட்டர் எங்கே பிறந்தார்? இங்கேதான் லண்டன் காகிதங்கள் கைகொடுத்தன. சென்னை ராஜதானியில் இருந்த சாப்ளின்கள் என்ற பாதிரியார்கள் தங்கள் பதிவேட்டில் எழுதும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1698இல் தொடங்கி 1948 வரை, இரண்டரை நூற்றாண்டு! அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் இருக்கின்றன. சென்னைத் தொகுதிகளின் வரிசைக்கு ‘என் 2’ என்று குறியீடு. 2014இல் ஃபைண்ட்மைபாஸ்ட் தளம் இவற்றின் படங்களை இணையத்தில் ஏற்றியது. அதற்குக் கட்டணம் உண்டு. காசு செலவழிக்கும் முன், ஃபேமிலிசர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. மூலப் பதிவேட்டில் சாப்ளின் கிறுக்கியதை ஒரு குமாஸ்தா பார்த்து நகல் எடுத்தார்; அந்த நகலைப் பார்த்து நம் காலத்தில் யாரோ கணினியில் அடித்தார்கள். ஆன்ட்டியின் குடும்பப் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர்கள் இன்னும் மோசம்: பாளையங்கோட்டை, திண்டுக்கல் எல்லாம் அடையாளம் தெரியாமல் உருமாறிக் கிடக்கும். ‘ஆங்கிலோ-இந்தியன்’ என்று தேடினாலும் கிடைக்காது. 1911 சென்சஸுக்கு முந்தைய காகிதங்களில் யூரேஷியன், ஈஸ்ட் இந்தியன், இந்தோ-பிரிட்டன் என்றுதான் இருக்கும். சாப்ளின் இல்லாத சின்ன ஊர்களில், அவர் சுற்றுப்பயணம் வரும்போது மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடக்கும். எனவே ஞானஸ்நான ஆண்டைப் பிறந்த ஆண்டு என்று எடுத்துக்கொண்டால் தேடல் தடம் மாறிவிடும்.

ஃபிட்டரின் ஞானஸ்நானம் பரங்கிமலையில் கிடைத்தது, 1855இல். தகப்பன் பெயருக்கு எதிரே தொழில்: கன்னர், மதராஸ் ஆர்ட்டில்லரி. அந்தப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமே பரங்கிமலைதான். கம்பெனிச் சிப்பாய் என்பதால் அடுத்த கதவு திறந்தது. கம்பெனி தன் ஆட்களைக் கப்பலேற்றும்போது பட்டியல் எழுதியது: பெயர், வயது, உயரம், முன்பு செய்த தொழில், பிறந்த இடம். கலெக்டர் ரவுஸ் பீட்டர் மாதிரி ஆட்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் உண்டு. அவர் மீனாட்சிக்குக் கொடுத்த தங்க மிதியடியைப் பற்றி மதுரையில் பச்சைப்பிள்ளையும் சொல்லும். ஒரு சாதாரணக் கன்னரைப் பற்றி அவர் ஊரிலேயே எவரும் எழுதவில்லை. அந்தக் கப்பல் பட்டியலின் ஒற்றை வரிதான் அவர் உலகத்தில் இருந்ததற்குப் பெரிய சாட்சி. விவசாயக் கூலி. வயது இருபதை ஒட்டி. பிறந்த இடம்: கார்க் மாவட்டம், அயர்லாந்து.

“அப்ப நாங்க இங்கிலீஷ் இல்லியா?” என்று ஆன்ட்டி கேட்டார். கம்பெனிப் பட்டாளத்தின் ஐரோப்பியச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள் பெருந்தொகை. சொந்த நாட்டில் வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள். இங்கே வந்ததும் எல்லோரும் ‘இங்கிலீஷ்காரர்’ ஆகிவிட்டார்கள். கார்க்கில் அவருடைய ஞானஸ்நானத்தைத் தேடுவது இனிமேல் அண்ணன் மகனின் வேலை. கத்தோலிக்கப் பதிவேடுகள் என்றால் அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது. அன்று அரசுச் சபையாக இருந்த புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடு என்றால் சிக்கல். டப்ளின் ஆவணக் காப்பகம் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்தபோது அவற்றில் ஏராளமானவை சாம்பலாகிவிட்டன.

இதோடு அண்ணன் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஆண்வழியில் ஐந்து தலைமுறைக்கும் காகிதம் இருக்கிறது. 

ஆனால் எனக்கு அந்த 1855 பதிவின் இன்னொரு கட்டம்தான் கண்ணை விட்டு அகலவில்லை. தாயின் பெயர் என்ற இடத்தில் ‘மேரி’ என்று மட்டும் இருந்தது. தகப்பனுக்கு முழுப்பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் உண்டு. தாய்க்கு அந்த ஒரு சொல். கொஞ்சம் பின்னால் போய் அவர்கள் கல்யாணத்தைத் தேடினேன். அதுவும் பரங்கிமலையில்தான். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறார். மணப்பெண் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ‘இவளது கைநாட்டு’ என்று குறிப்பு. நகல் எடுத்த குமாஸ்தா அந்தக் குறியையும் பத்திரமாகப் பார்த்துப் போட்டிருந்தார். மணப்பெண்ணின் தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. சாட்சிகள் இரண்டு பேரும் கன்னர்கள்.

அதற்கும் சில நாள் முன்னால் அதே பதிவேட்டில் ஒரு வயதுவந்தோர் ஞானஸ்நானம்: மேரி, சுதேசிப் பெண், வயது சுமார் 18. பெற்றோர் கட்டத்தில் மறுபடியும் கோடு. அந்த நாளுக்கு முந்தைய நாள் வரைக்கும் அவள் வேறொரு பெயரில் நடமாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை எவரும் எழுதவில்லை.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நம்மூர்ப் பொண்ணு, தம்பி. என்ன பேரா இருந்திருக்கும்? பாவம், அம்மா அப்பா பேரக்கூட ஒருத்தரும் கேக்கலியா?” என்றார். அப்புறம் அடுப்படிக்குப் போய் மிளகுத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவருடைய பாட்டியிடம் கற்ற பக்குவம். அந்தப் பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்றைக்குத்தான் இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம்.

இது ஒரு மேரியோடு முடிகிற கதை இல்லை. கம்பெனிக் காலப் பதிவேடுகளில் இந்தியப் பெண்களின் பெயர்கள் எப்படி விடுபட்டன, எப்படி வெறும் ஞானஸ்நானப் பெயராகச் சுருங்கின என்பதை வைத்தே துர்பா கோஷ் என்ற வரலாற்றாளர் 2006இல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் வீட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. அவர்களின் உயில்களில் சில நேரம் அந்தப் பெண்ணின் இயற்பெயரும், அவளுக்கு மாதம் இத்தனை என்று ஒதுக்கிய தொகையும் இருக்கும். உயில் எழுத ஒன்றுமில்லாத கன்னரின் மனைவிக்கு அந்த வழியும் இல்லை.

“டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதா?” என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் 2013இல் ஒரு செய்தி பெரிதாக ஓடியது. இளவரசர் வில்லியமின் அம்மா டயானாவின் தாய்வழியில் எலிசா கேவார்க் என்று ஒரு பெண் இருந்தார். சூரத்தில் தியோடர் ஃபோர்ப்ஸ் என்ற கம்பெனிக்காரரோடு வாழ்ந்தவர். அவர் ஆர்மீனியர் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவருடைய தாய்வழி மரபணு இந்தியத் துணைக்கண்டத்தில் காணப்படும் வகை என்று உறவினர்களைச் சோதித்த நிறுவனம் அறிவித்தது. அங்கே அது சாத்தியப்பட்டதற்குக் காரணம், எலிசாவிலிருந்து டயானா வரை மகள், மகளுக்கு மகள் என்று பெண்வழி அறுபடாமல் வந்தது. தாய் தரும் அந்த மரபணு மகன் வரைக்கும் வரும், மகனின் பிள்ளைகளுக்குப் போகாது. மேரிக்குப் பிறந்த ஃபிட்டரோடு அவளுடைய சுவடு அங்கேயே நின்றுவிட்டது. கன்னருக்கோ ஆண்வழிக் குரோமோசோம் இன்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன் மகன் வரை வந்து சேர்ந்திருக்கிறது. காகிதம் யாரைத் தாங்கியதோ, இந்தக் குடும்பத்தில் உடம்பும் அவரையே தாங்கிவிட்டது. மேரிக்கு மகள் யாராவது இருந்து, அவள் வழியில் பேத்தி கொள்ளுப்பேத்திகள் இருந்தால்தான் இந்தச் சோதனை எதையாவது சொல்லும்.

மற்ற குரோமோசோம்களை வைத்து ‘இத்தனை சதவீதம் தென்னிந்தியா’ என்று சோதனை நிறுவனங்கள் தருவதும் மதிப்பீடுதான். அதில் ஊர் இருக்காது, பெயர் இருக்காது.

இலங்கையில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. பறங்கியர் என்று நாம் சொல்லும் பர்கர் சமூகத்தில், 1908இல் டச்சு பர்கர் யூனியன் என்று ஒரு சங்கம் உருவானது. அதன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து முதலில் வந்த ஆண் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று அது தொடங்கும். அந்த வரிசையில் ஒண்டாச்சி குடும்பமும் இருக்கிறது. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் முதல்வர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவில்லை. 1659இல் டச்சு ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து கொழும்பு போன வைத்தியர் அவர். தமிழ் மூதாதை ஆணாக இருந்ததால் பெயரோடும் ஊரோடும் தொழிலோடும் வம்சாவளியில் முதல் வரியில் நிற்கிறார். பெண்ணாக இருந்திருந்தால் அவருக்கும் ஒரு கோடுதான் கிடைத்திருக்கும்.

விசா எண்ணத்தோடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனின் பூர்வீக விசாவுக்குத் தாத்தா பாட்டிகளில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா கணக்கில் வரமாட்டார். அயர்லாந்தின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவும் பொதுவாகத் தாத்தா பாட்டி வரைதான் பேசுகிறது. 1840களில் கப்பலேறிய கன்னரை வைத்து இன்று ஒரு முத்திரையும் வாங்க முடியாது. அதற்காக ஏஜென்டுகளிடம் பணம் கட்டாதீர்கள். ஆனால் ஒரு நல்ல விஷயம், இந்தச் சட்டங்களில் தாத்தா வேண்டும் என்று கட்டாயமில்லை, பாட்டியும் செல்லும்.

இனித் தேடப்போகிறவர்கள் எதைச் செய்யலாம்? வீட்டில் எண்பது வயதில் யாராவது இருந்தால் முதல் வேலை அவர்களிடம் உட்கார்ந்து பேசி ரெக்கார்டு செய்வதுதான். கேள்வி கேட்கும்போது தாத்தா பெயரோடு நிறுத்தாமல் பாட்டியின் பாட்டி பெயர், அவர் பேசிய பாஷை, அவர் போன கோயில் அல்லது சர்ச், பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு என்று தோண்டுங்கள். லண்டன் நகலில் ஒரு வரி கிடைத்தால், மூலப் பதிவேட்டை இங்குள்ள தேவாலயத்தில் கேட்டுப் பாருங்கள். நகலில் விட்டுப்போன குறிப்பு மூலத்தில் ஓரத்தில் இருக்கலாம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பதிவு லத்தீனில் இருக்கலாம், பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சொற்கள்தான். அதில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள் இருக்கும். உள்ளூர்ப் பெண்ணுக்கு உள்ளூர்ப் பெண்ணே ஞானத்தாயாக நின்றிருந்தால், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவள் எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று நெருங்க வாய்ப்பிருக்கிறது. மதுரை மிஷனின் இயேசு சபை ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன. அரசுக் காகிதங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பாதிரியார்களுக்கும் சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் ஊரில் பழைய அடக்கப் பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அதன் முதல் நாற்பது பக்கங்களைக் கரையான் ஊடுருவி ஓட்டை போட்டிருந்தது. ஓட்டை வழியே பார்த்தால் பக்கத்துப் பக்கத்தின் பெயர்கள் தெரிந்தன. அந்தப் பக்கங்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. நல்ல செல்போன் ஒன்று இருந்தால் ஒரு நாளில் ஒரு முழுப் பதிவேட்டையும் படம் எடுத்துவிடலாம். கூப்பிட்டால் நானே வந்து எடுத்துத் தருகிறேன்.

மேரியைத் தேடுவதை நான் விடவில்லை. கன்னரின் அடக்கம் 1860களில் பரங்கிமலையில் பதிவாகியிருக்கிறது. மேரியின் அடக்கத்தை அங்கே தேடினேன், இல்லை. விதவையான பிறகு, மகன் பட்டறையில் சேர்ந்ததும் அவனோடு நாகப்பட்டினம் போயிருப்பாள் என்பது என் யூகம். அங்கே அடக்கமாகியிருந்தால், சாகும்போது அவளுக்கு என்ன வயது என்பதாவது பதிவில் இருக்கும், இறந்த காரணமும் இருக்கலாம். நாகப்பட்டினத்தில் 1865க்கும் 1900க்கும் இடைப்பட்ட அடக்கப் பதிவேட்டைப் பார்த்தவர்கள், அல்லது அந்தக் காலத்து ரயில்வே குடும்பங்களின் கல்லறை வாசகங்களைக் குறித்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஆன்ட்டியும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.